குட்டிச்சாத்தான் திரைக்கு வெளியே கை நீட்டிய கதை

1984 ஆகஸ்ட் 24 அன்று கேரளத்தில் வெளியான ஒரு மலையாளப் படத்துக்குப் போனவர்களின் கையில் அரங்கத்தார் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், திரையில் இருந்தவை திரையை விட்டு வெளியே வரத் தொடங்கின. தீப்பந்தம் மூக்குக்கு நேராக நீண்டபோது பெரியவர்களே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஐஸ்கிரீம் கோன் ஒன்று முகத்தருகே வந்து நின்றபோது பிள்ளைகள் அதைப் பிடிக்கக் கையை நீட்டினார்கள். ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் 3டி படம். மந்திரவாதியிடம் அடிமையாகக் கிடந்த ஒரு குட்டிச்சாத்தானை மூன்று குழந்தைகள் விடுவித்து, அவனைத் தங்கள் தோழனாக்கிக்கொள்ளும் கதை அது.

அந்தப் படம் பிறந்த விதத்தைப் பார்க்கும்போது, தொழில்நுட்பத்தைவிட அதன் பின்னால் இருந்த ஒரு முடிவுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. பார்வையாளரைத் திடுக்கிட வைப்பதற்கென்றே உலகம் பயன்படுத்திவந்த ஒரு கருவியை இவர்கள் குழந்தைகளோடு விளையாட எடுத்துக்கொண்டார்கள். பயமுறுத்துவதற்கென்றே பேர்போன ஒரு பேயை அந்த விளையாட்டுக்குத் துணையாக அழைத்தார்கள். மற்றதெல்லாம் இந்த முடிவிலிருந்து வளர்ந்தவை.

துணிச்சல் பழகிய வீடு

ஆலப்புழையின் உதயா ஸ்டுடியோ மலையாள சினிமாவின் தொட்டில்களில் ஒன்று. அதை நடத்திய குஞ்சாக்கோவின் தம்பிதான் அப்பச்சன். அண்ணனோடு அங்கே தொழில் பழகியவர், 1970களில் தனியே வந்து நவோதயாவைத் தொடங்கி, கொச்சியை அடுத்த காக்கநாட்டில் ஸ்டுடியோவும் கட்டினார். அடுத்தவர் தொடாததைத் தொட்டுப் பார்ப்பது அவர் சுபாவம். மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘தச்சோளி அம்பு’ (1978) நவோதயாவிலிருந்து வந்தது. பாசில் இயக்குநராகவும் மோகன்லால் நடிகராகவும் அறிமுகமான ‘மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்’ (1980) அவர் தயாரித்ததுதான். சென்னைக்காரர்களுக்கு அவரை வேறு விதத்திலும் தெரியும்: தாம்பரம் அருகே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய ‘கிஷ்கிந்தா’ பொழுதுபோக்குப் பூங்காவைப் பின்னாளில் உருவாக்கியவர் அவர்தான்.

அப்பச்சனின் மகன் ஜிஜோ புன்னூஸ். தந்தையின் ஆர்வம் மகனிடம் இன்னும் கூடுதலாகவே இருந்தது. 1982இல் அவர் இயக்கிய ‘படையோட்டம்’, உள்நாட்டிலேயே உருவான முதல் 70 எம்.எம். படம் என்ற பெயரைப் பெற்றது. ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ கதையைக் கேரள மண்ணுக்குக் கொண்டுவந்த அந்தப் படத்தில் பிரேம் நசீர், மது, மம்மூட்டி, மோகன்லால் என்று ஒரு பெரும்படையே நடித்திருந்தது. இந்தியாவின் சிறிய திரையுலகங்களில் ஒன்று இவ்வளவு பெரிய திரைக்கு ஆசைப்பட்டதே பலருக்கு வியப்பாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ‘அமெரிக்கன் சினிமாட்டோகிராஃபர்’ இதழில் வந்த 3டி பற்றிய கட்டுரை ஒன்று ஜிஜோவின் கைக்கு வந்தது. 70 எம்.எம். திரையை அகலமாக்கியது, இந்த வித்தையோ திரைக்கு ஆழம் தரும். ஜிஜோ அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்.

பர்பாங்கில் கிடைத்த லென்ஸ்

3டி அப்போதே பழைய சங்கதி. 1952இல் ‘புவானா டெவில்’ என்ற படத்தோடு அமெரிக்காவில் ஓர் அலை அடித்து ஓய்ந்திருந்தது. 1981இல் ‘கமின் அட் யா’ வந்ததும் இரண்டாவது அலை எழுந்தது. ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ மூன்றாம் பாகம், ‘ஜாஸ் 3டி’ என்று வரிசையாக வந்த படங்களில் கத்தியும் ஈட்டியும் சுறாவின் பல்லும் பார்வையாளரை நோக்கிப் பாய்ந்தன. முப்பரிமாணம் என்றால் பதறவைக்கும் வித்தை என்றே ஹாலிவுட் அதைப் புரிந்துவைத்திருந்தது.

கலிபோர்னியாவின் பர்பாங்கில், ஸ்டீரியோவிஷன் என்ற நிறுவனத்தை நடத்திவந்த கிறிஸ் காண்டனை ஜிஜோ சந்தித்தார். 3டி லென்ஸ் வடிவமைப்பில் கைதேர்ந்தவர் காண்டன். அவரிடமிருந்து லென்ஸும் மாதிரிப் படச்சுருள்களும் காக்கநாட்டுக்கு வந்துசேர்ந்தன. அப்பச்சனுக்கு அவற்றைத் திரையிட்டுக் காட்டினார் மகன். பார்த்ததும் அப்பச்சனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்தியாவில் இதற்கு முன்மாதிரி கிடையாது. படம் முடிந்தாலும் அதைக் காட்டத் தோதான அரங்குகளும் கிடையாது. அப்படியிருந்தும் பணம் போட முன்வந்தார் அந்தத் தயாரிப்பாளர்.

எதை எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, சண்டைப் படமோ பேய்ப் படமோ எடுப்பதுதான் சுலபமான வழி. வெளிநாட்டில் ஓடியதும் அதுதான். ஜிஜோ குழந்தைகள் பக்கம் திரும்பினார். திரையிலிருந்து வெளியே வருவதை முழு மனதோடு நம்பக்கூடியவர்கள் அவர்கள்தானே!

கேரளத்தின் பிடிவாதப் பிள்ளை

குட்டிச்சாத்தானைத் தேடி ஜிஜோ எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. கேரள வீடுகளில் பாட்டிமார் சொல்லும் கதைகளில் அவன் எப்போதும் இருந்தான். கூரைமேல் கல்லெறிவான், சோற்றில் மண்ணைப் போடுவான், மந்திரவாதி ஏவினால் எதையும் செய்வான் என்பது நம்பிக்கை. திருச்சூர் மாவட்டத்துப் பெரிங்கோட்டுக்கரையில் விஷ்ணுமாயா என்ற பெயரில் அவனுக்குக் கோயில்கள் உண்டு. வடமலபாரில் குட்டிச்சாத்தன் தெய்யம் என்ற சடங்காட்டம் இன்றும் ஆடப்படுகிறது.

அந்தத் தெய்யத்தின் பின்னணியில் சொல்லப்படும் கதை, கேட்பவர் நெஞ்சைப் பிசையக்கூடியது. காளகாட்டு இல்லத்து நம்பூதிரிக்கும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை அவன். இல்லத்தில் வளர்கிறான், அடங்க மறுக்கிறான், அடித்த குருவைக் கொன்றுவிடுகிறான். கோபம் கொண்ட வீட்டார் அவனைத் துண்டு துண்டாக வெட்டித் தீயில் போடுகிறார்கள். அந்தத் தீயிலிருந்து ஒருவனுக்குப் பல சாத்தன்களாக அவன் எழுந்து வருகிறான். பயத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், பெரியவர்களால் விரட்டப்பட்ட ஒரு சிறுவனின் கதை இது. சாத்தனை மந்திரத்தால் கட்டி வேலை வாங்கலாம், பூசை போட்டுத் திருப்திப்படுத்தலாம் என்றெல்லாம் சொன்ன மரபில், அவனோடு விளையாட ஆள் வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

படம் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. திரைக்கதையும் வசனமும் எழுதியவர் ரகுநாத் பலேரி. தொலைபேசியில் வரும் ஒரு குரலோடு சிறுமி ஒருத்தி கொள்ளும் நட்பைச் சொன்ன ‘ஒந்நு முதல் பூஜ்யம் வரே’ (1986) என்ற படத்தைப் பின்னர் எழுதி இயக்கியதும் அவர்தான். குழந்தையின் தனிமை எப்படிப்பட்டது என்று அறிந்த எழுத்து அவருடையது.

குட்டிச்சாத்தானில் வரும் சிறுமி லட்சுமி அப்படி ஒரு தனிமையில் இருப்பவள். தாயில்லாத பிள்ளை. தந்தை குடியில் மூழ்கிக் கிடக்கிறார். மறுபக்கம் கரிம்பூதம் என்ற மந்திரவாதி, புதையலுக்கு ஆசைப்பட்டுச் சாத்தானைக் கட்டிவைத்திருக்கிறான். கொட்டாரக்கரா ஸ்ரீதரன் நாயர் அந்த வேடத்தில் வந்தார். வீட்டில் கவனிக்க ஆளில்லாத பிள்ளையும், ஏவலாளாக மட்டுமே நடத்தப்பட்ட பூதமும் சந்தித்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: தன்னை யாரென்று கேட்டுப் பக்கத்தில் உட்காரும் ஒரு துணை. சாத்தான் செய்யும் வேடிக்கைகளுக்கு அடியில் இந்த உறவு ஓடிக்கொண்டிருப்பதால்தான், வித்தை பழசான பிறகும் படம் பழசாகவில்லை.

ஒரு கோன் கைக்கு வந்த கணக்கு

ஒளிப்பதிவுக்கு வந்தவர் அசோக்குமார். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, ‘ஜானி’, ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படங்களின் கண் அவர். அவற்றில் கடைசியாகச் சொன்ன படத்துக்குத் தேசிய விருதும் வாங்கியவர். இயற்கை ஒளியின் மென்மைக்குப் பெயர் பெற்ற அந்தக் கலைஞரிடம் 3டி நேர் எதிரான ஒன்றைக் கேட்டது.

அந்தக் கால முறை இதுதான். ஒரே 35 எம்.எம். படச்சுருள். ஒவ்வொரு கட்டத்திலும் இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் என்று மேலும் கீழுமாக இரண்டைப் பதிவுசெய்யும் லென்ஸ். அரங்கில் புரொஜெக்டர் அந்த இரண்டையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழவைக்கும். எதிரெதிர்க் கோணத்தில் ஒளியை வடிகட்டும் போலராய்டு வில்லைகளை மாட்டிய கண்ணாடி, அந்தந்தப் படத்தை அந்தந்தக் கண்ணுக்கு மட்டும் அனுப்பும். மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைக் கண்டுகொள்ளும்.

இப்போது அந்த ஐஸ்கிரீம் கோனுக்கு வருவோம். திரையில் விழும் இரண்டு படங்களும் ஒரே இடத்தில் பொருந்தினால் கோன் திரையின் மேலேயே இருக்கும். வலக்கண்ணுக்கு உரிய படம் இடப்பக்கமும், இடக்கண்ணுக்கு உரியது வலப்பக்கமும் விலகி விழுந்தால் இரண்டு கண்களின் பார்வையும் திரைக்கு முன்னாலேயே குறுக்கிட்டுக்கொள்ளும். அவை சந்திக்கும் புள்ளியில் கோன் இருப்பதாக மூளை தீர்மானித்துவிடும். விலகல் கூடினால் கோன் இன்னும் கிட்டே வரும். அளவு மீறினால் கண் வலிக்கும், படம் இரண்டாகப் பிளந்து தெரியும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: வெளியே வரும் பொருளைத் திரையின் ஓரம் வெட்டக்கூடாது. வெட்டினால், முன்னால் இருக்கும் பொருளைப் பின்னால் இருக்கும் சட்டம் எப்படி மறைக்கும் என்று மூளை குழம்பி, மாயம் கலைந்துவிடும். ஆகவே நீட்டும் கை, கோன், பூ எல்லாமே சட்டத்தின் நடுவில், குறித்த தூரத்தில், குறித்த வேகத்தில் வர வேண்டும்.

இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளை நடிக்கவைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. ஒரு சாண் முன்னால் நீட்டினால் ஷாட் கெட்டுப்போகும். எடுத்ததை உடனே போட்டுப் பார்க்க அன்று மானிட்டர் கிடையாது. லேபில் கழுவித் திரையில் போட்டால்தான் தெரியும். முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது. அதனால் தளத்தில் விளக்குகளைக் கொட்டிக் குவிக்க வேண்டியிருந்தது. டேவிட் ஷ்மையர் என்ற அமெரிக்க வல்லுநர் முப்பரிமாணக் கணக்குகளுக்கு உதவினார். இருந்தாலும் இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் நிழலையும் அழகையும் காப்பாற்றும் பொறுப்பு அசோக்குமாருடையதாகவே இருந்தது.

சுழன்ற அறை

படத்தைப் பார்த்த யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது, குழந்தைகள் சுவரில் ஏறி, கூரையில் நடந்து, மறுபக்கச் சுவர் வழியாக இறங்கிவரும் பாட்டைத்தான். எஸ். ஜானகியும் எஸ்.பி. ஷைலஜாவும் பாடியது, எழுதியவர் பிச்சு திருமலா, இசை இளையராஜா. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில் அது எப்படிச் சாத்தியமானது?

குழந்தைகள் கூரையில் நடக்கவே இல்லை. எப்போதும் தரையில்தான் நடந்தார்கள், சுழன்றது அறை. கலை இயக்குநர் கே. சேகர், ஒரு முழு அறையையே எஃகுச் சட்டத்துக்குள் பொருத்தி, அச்சில் உருளும்படி வடிவமைத்தார். குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் சுழலும் விண்கலத் தளம் இதற்குத் தூண்டுதல். ஃபிரெட் ஆஸ்டர் 1951இல் ‘ராயல் வெட்டிங்’ படத்தில் கூரைமேல் ஆடிய நடனமும் இதே முறையில் எடுக்கப்பட்டதுதான். அறையோடு சேர்த்துக் கேமராவையும் அசையாமல் பூட்டிவிடுவார்கள். அறை உருளும்போது கேமராவும் கூடவே உருளும். சுவர் மெல்லத் தரையாகிறது. பிள்ளை ஒரு காலை எடுத்து அதன்மேல் வைக்கிறாள். கேமராவின் கண்ணுக்கு அறை அப்படியே நிற்கிறது, பிள்ளைதான் சுவரில் ஏறுகிறாள்.

கேட்க எளிதாக இருக்கும். நாற்காலி, மேசை, படம், திரைச்சீலை எல்லாவற்றையும் அசையாமல் இறுக்க வேண்டும். முடியும் உடையும் தலைகீழாகத் தொங்காத கணத்தில் காலடி விழ வேண்டும். அறை உருளும் வேகமும் பாட்டின் தாளமும் பிள்ளைகளின் நடையும் ஒத்துப்போக வேண்டும். இத்தனைக்கும் மேல் 3டி கணக்கு. வளர்ந்த நடனக்காரருக்கே கடினமான வேலையை அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்தார்கள். அவர்கள் நடிப்புக்கு 32ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான விருது கிடைத்தது. மனமார அதை ஆமோதிக்கிறேன்.

வெள்ளித்திரையும் மெட்ராஸ் ஐயும்

படம் தயாரானதோடு வேலை முடியவில்லை. சாதாரண வெள்ளைத் திரை, போலராய்டு வில்லை வடிகட்டி அனுப்பிய ஒளியைச் சிதறடித்துக் கலக்கிவிடும். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படமும் தெரிந்து எல்லாம் மங்கலாகிவிடும். 3டிக்கு வெள்ளிப்பூச்சுத் திரை வேண்டும். புரொஜெக்டருக்குத் தனி லென்ஸ் வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு படங்கள் இருப்பதால் ஒளி பாதியாகும், வில்லைகளும் கண்ணாடியும் இன்னும் குறைக்கும். ஆகவே விளக்கும் கூடுதல் வலுவோடு எரிய வேண்டும். அரங்கு அரங்காக இந்த மாற்றங்களைச் செய்துகொண்டே போக வேண்டியிருந்தது.

பிறகு வந்தது கண்ணாடிப் பிரச்சினை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கண்ணாடியைத் திரும்ப வாங்கி அடுத்த காட்சிக்குக் கொடுப்பார்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் போட்டால் மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொள்ளும் என்ற பேச்சு பரவியது. அதைத் தீர்க்கப் படத்தின் தொடக்கத்திலேயே ஒரு முன்னுரைக் காட்சியைச் சேர்த்தார்கள். மலையாளத்தில் பிரேம் நசீர், தமிழில் ரஜினிகாந்த், இந்தியில் அமிதாப் பச்சன் என்று மொழிக்கு மொழி பெரிய நட்சத்திரங்கள் வந்து, கண்ணாடிகள் ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய்யப்படுகின்றன என்று எடுத்துச் சொன்னார்கள். ஒரு சிறுவர் படத்துக்காக இத்தனை பேர் முன்வந்தது அந்தத் திரையுலகத்தின் பெருந்தன்மை.

பின்னால் வந்தவர்கள்

குட்டிச்சாத்தானின் வெற்றியைப் பார்த்ததும் மற்றவர்களும் 3டிக்கு வந்தார்கள். 1985இல் தமிழில் விஜயகாந்த் நடித்த ‘அன்னை பூமி’, இந்தியில் ‘சிவா கா இன்சாஃப்’, மலையாளத்தில் ‘பௌர்ணமி ராவில்’ வெளியாயின. சண்டையும் திகிலும் மறுபடி முன்னுக்கு வந்தன. அலையும் விரைவிலேயே அடங்கியது. குட்டிச்சாத்தான் மட்டும் ஓயவில்லை. 1997இல் புதிய ஒலி அமைப்போடும் சேர்க்கப்பட்ட காட்சிகளோடும் திரும்ப வந்தான். 1998இல் ‘சோட்டா சேத்தன்’ என்ற பெயரில் ஊர்மிளா மதோண்ட்கர் நடித்த காட்சிகளோடு வடக்கே போனான். 2010இல் பிரகாஷ்ராஜும் சந்தானமும் சேர்ந்த ‘சுட்டிச் சாத்தான்’ தமிழில் வந்தது. ஒவ்வொரு முறையும் அவனை முதன்முதலாகப் பார்க்க ஒரு புதிய தலைமுறை காத்திருந்தது.

ஜிஜோ இயக்கிய திரைப்படங்கள் ‘படையோட்டம்’, ‘குட்டிச்சாத்தான்’ இரண்டும்தான். ஆனால் பூதமும் குழந்தையும் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. வாஸ்கோ ட காமாவின் புதையலைக் காத்துநிற்கும் ஒரு பூதத்தைப் பற்றி அவர் எழுதிய கதையிலிருந்துதான் ‘பரோஸ்’ பிறந்தது. அந்தப் பூதத்தோடு பழகுவதும் ஒரு சிறுமிதான். 2024 டிசம்பர் 25 அன்று 3டியில் வெளியான அந்தப் படத்தை இயக்கி, பூதமாக நடித்தவர் மோகன்லால். நவோதயாவில் அறிமுகமான நடிகர், நாற்பது ஆண்டுகளைத் தாண்டி நவோதயாவின் கனவைத் தொடர்ந்தார்.

இன்று எந்த உருவத்தையும் கணினியில் வரைந்து பறக்கவிடலாம். கண்ணாடியும் வெள்ளித்திரையும் நகரத்து மால்களில் சாதாரணம். இத்தனை வசதி வந்த பிறகும், குழந்தைகளுக்கான படம் என்றால் மிஞ்சிய பணத்தில், மிஞ்சிய நாட்களில் எடுப்பது என்ற வழக்கம் நம்மிடம் மாறவில்லை. நவோதயா நாட்டில் யாரிடமும் இல்லாத கருவியை வாங்கிவந்து முதலில் குழந்தைகளிடம் காட்டியது. நல்ல ஒளிப்பதிவாளர், நல்ல இசையமைப்பாளர், நல்ல எழுத்தாளர் என்று சிறந்தவர்களையே அவர்களுக்காகச் சேர்த்தது. கதைக்கும் அயலாரிடம் கையேந்தவில்லை; பாட்டி சொன்ன பூதத்தையே அழைத்து வந்தது. நம் ஊர்களிலும் முனிகளும் மோகினிகளும் கொல்லிமலைப் பாவையும் காத்திருக்கிறார்கள். அடுத்த புதிய கருவி எவர் கையில் கிடைத்தாலும், அதைக் கொண்டு பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்ற கேள்வியிலிருந்து அவர் தொடங்கட்டும். அப்படித் தொடங்கினால் கருவி பழசானாலும் படம் நிற்கும் என்பதற்கு நாற்பது ஆண்டுச் சாட்சியாகக் குட்டிச்சாத்தான் இருக்கிறான்.